நெல்லைக் கரையின் சுணைப்புழுக்கள்: தேடவும் பார்க்கவும் இனம் காணவும் ஒரு முழுமையான வழிகாட்டி

இடிந்தகரை, உவரிப் பக்கம் கடல் வற்றிக் கிடக்கும் நேரத்தில் பாறைப்பாசியில் ஒரு கைப்பிடி கிள்ளி, கடல்நீர் ஊற்றிய வெள்ளைத் தட்டில் உதறிப் பாருங்கள். முதலில் துள்ளுவது கூனி இறால் சாயலில் உள்ள சின்ன ஓட்டுயிரிகள். அவை அடங்கியதும் பாசித் துணுக்குகளுக்கு நடுவே பழுப்பும் சிவப்புமாக நூல் போன்ற சில நெளியத் தொடங்கும். உற்றுப் பார்த்தால் உடம்பின் இரு ஓரத்திலும் வரிசையாகக் கால் மாதிரி முளைகள், ஒவ்வொரு முளையிலும் ஒரு கற்றை மயிர். இவைதான் பாடப்புத்தகம் பாலிகீட்டா என்று சொல்லும் சுணைப்புழுக்கள். 2 மில்லிமீட்டர் முதல் 4 சென்டிமீட்டர் வரை உள்ள சிறிய வகைகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

விலங்கியல் மாணவர்கள் சுணைப்புழுக்களில் ஒன்றான நீரிஸைப் பெரும்பாலும் ஃபார்மலின் குப்பியில் நிறம் வெளுத்துச் சுருண்ட நிலையில்தான் பார்த்திருப்பார்கள். அதை வைத்து இந்த உயிரைப் புரிந்துகொள்ள முடியாது. எந்தப் பாசியில், பாறையின் எந்த உயரத்தில், எப்படிப்பட்ட குழாய்க்குள் இருந்தது என்பது பாதித் தகவல். புழுவை எடுத்த பிறகு அது திரும்பக் கிடைக்காது. ஆகவே ஒவ்வொரு படியிலும் இருப்பிடத்தைக் குறித்துவிட்டுத்தான் புழுவைத் தொட வேண்டும்.

உடம்பை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

நீரிஸ் குடும்பத்துப் புழு ஒன்றைத் தலையிலிருந்து பார்ப்போம். மேல்பக்கம் 4 கண்கள். முன்னால் 2 சிறு கொம்புகள், அவற்றின் இருபுறமும் தடித்த 2 உணர்முளைகள். தலைக்குப் பின்னால் பக்கவாட்டில் பெரும்பாலும் 4 இணை மீசைகள். அதற்குப் பின் ஒரே மாதிரியான கண்டங்கள், ஒவ்வொன்றிலும் ஓர் இணை பக்கக்கால்கள். பக்கக்கால் மேல்மடல், கீழ்மடல் என இரண்டாகப் பிரிந்திருக்கும். இரண்டிலும் சுணைக் கற்றை உண்டு. கடைசிக் கண்டத்தில் இரண்டு வால் இழைகள். புதிய கண்டம் வாலுக்குச் சற்று முன்னால்தான் உருவாகும், எனவே வாலை ஒட்டியவை எப்போதும் குட்டையாக இருக்கும்.

சுணை கைட்டினால் ஆனது. ஒவ்வொரு சுணையையும் தோலுக்குள் இருக்கும் ஒரே ஒரு செல் அடியிலிருந்து வார்த்துத் தள்ளுகிறது. இனம் காண்பதில் பாதி வேலை இந்தச் சுணைகளின் வடிவத்தில் இருக்கிறது என்பதால், அவற்றை உடைக்காமல் கையாளப் பழக வேண்டும்.

இன்னொரு பாதி தொண்டைக்குள் இருக்கிறது. நீரிஸ் தன் தொண்டையைக் கையுறையின் விரலை உள்வெளியாகத் திருப்புவதுபோல வெளியே தள்ளும். முனையில் வளைந்த இரண்டு கருந்தாடைகள், சுற்றிலும் பொடிப் பொடியான தொண்டைப் பற்கள். தாடையின் கடினத்துக்கு அதில் உள்ள துத்தநாகம் ஒரு காரணம். மணலில் வாழும் கிளைசெராவுக்கு 4 தாடைகள்; அவற்றில் இருப்பது செம்பு, அதோடு விஷச் சுரப்பியும் உண்டு. அது கடித்தால் நன்றாகவே வலிக்கும்.

எங்கே எது இருக்கும்

1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமானபோது மணப்பாடும் புன்னைக்காயலும் நெல்லை மாவட்டத்தை விட்டுப் பிரிந்தன. கடலடி ஒன்றே என்பதால் இங்கே இரண்டு கரையையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறோம்.

இந்தக் கரையின் தனிச்சிறப்பு, மணலும் சிப்பித்தூளும் சுண்ணாம்பால் இறுகிக் கல்லான பாறைத்திட்டுகள். கருங்கல்லைப் போல வழவழப்பாக இல்லாமல் துளையும் பொந்துமாக இருக்கும். அதன்மேல் வளரும் குட்டைப் பாசிப் படுகை அலை மோதும்போதும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் அடியில் மணலும் வண்டலும் தங்கும். சிறிய சுணைப்புழுவுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. வெயிலில் காயாது, இரை பக்கத்திலேயே, மீன் வாய்க்கு எட்டாது. நீரிஸ் குடும்பமும் சில்லிஸ் குடும்பமும் இங்கேதான் மிகுதி. சர்காசம் போன்ற பெரிய பாசியில் இலைப்பரப்பைக் காட்டிலும் பாறையைப் பற்றியிருக்கும் அடிப்பகுதியில் தேடுங்கள். ராமநாதபுரக் கரையில் கட்டைக்கோரை என்று சொல்வார்களே, அதுதான் சர்காசம். இலைப்பரப்பில் 2, 3 மில்லிமீட்டர் அகலத்தில் வெள்ளை நத்தைச் சுருள் போல ஒட்டியிருப்பவை நத்தை அல்ல, ஸ்பைரார்பிஸ் வகைக் குழாய்ப்புழுக்கள். நீரில் அசையாமல் வைத்தால் சுருளின் வாயிலிருந்து ஒரு சிறு இறகுக் கொத்து எட்டிப் பார்க்கும்.

கற்களின் அடியில், பவளத் துண்டுகளின் இருட்டில், யூரித்தோ என்ற நெருப்புப்புழு இருக்கும். இளஞ்சிவப்பு உடல், ஓரங்களில் வெண்பஞ்சு போன்ற சுணை. அந்தச் சுணை சுண்ணாம்புச் சத்தால் ஆனது, கண்ணாடித் தூள் போலத் தோலில் முறிந்து நிற்கும். கையால் தொடவே கூடாது.

திறந்த மணற்கரையில் அலை புரட்டும் இடத்தில் புழு குறைவு. கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்ட ஊர்களில், வளைவின் உள்பக்கம் நீர் அடங்கி வண்டல் படிவதால் நிலைமை மாறும். அங்கே மணலிலிருந்து விரல் உயரத்துக்கு ஒரு குழாய் நீட்டிக்கொண்டு, அதில் சிப்பித்துண்டும் பாசியும் ஒட்டியிருந்தால் அது டயோபாட்ரா என்ற சுணைப்புழுவின் வீடு. வளைவின் கற்களிலும் வள்ளங்களின் அடிப்பகுதியிலும் தட்டுப்படும் வெள்ளைச் சுண்ணாம்புக் குழாய்கள் செர்ப்புலிட் குடும்பத்துக் குழாய்ப்புழுக்களுடையவை.

புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் கலக்கும் சேற்றுப்பரப்பும், மணப்பாட்டில் கருமேனியாறு சேரும் கழிமுகமும் வேறு உலகம். உப்பு கூடிக் குறையும். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்ததுபோன்ற மழை வந்தால் கழிமுகம் முழுக்க நன்னீராகிவிடும். அதைத் தாங்கும் வகைகள் மட்டும்தான் அங்கே நிலைக்க முடியும். மேலே பழுப்பாகவும் சற்று ஆழத்தில் கறுப்பாகவும் முட்டை நாற்றத்தோடும் சேறு இருக்கும். கறுப்பு மண்ணுக்குள் இறங்கும் புழுவளையைச் சுற்றி மட்டும் ஒரு பழுப்பு வளையம் தெரியும். புழு உடம்பை அலைத்து நீரை உள்ளே இழுப்பதால் ஆக்சிஜன் அங்கே இறங்குகிறது. சேற்றை மண்வெட்டியால் செங்குத்தாக வெட்டிப் பார்த்தால் இதைக் கண்ணாலேயே காணலாம். கிழங்கான் மீன் இந்த மாதிரி இடங்களில் மேய்வதும் புழுவுக்காகத்தான்.

சேற்றில் மண்புழு போல மெலிந்த, சிவந்த, மீசையில்லாத நூற்புழுக்கள் திரளாக இருந்தால் அது கேப்பிடெல்லா வகையாக இருக்கலாம். கழிவு சேரும் இடத்தில் இது பெருகும் என்பது உண்மை. ஆனால் ஒரே ஒரு மாதிரியைப் பார்த்துவிட்டு 'இங்கே கடல் கெட்டுவிட்டது' என்று எழுதிவிடாதீர்கள். அழுகும் பாசி ஒதுங்கிய இடத்திலும் அது பெருகும். ஒரே இடத்தைப் பல மாதங்கள் பார்த்துச் சொல்ல வேண்டிய சங்கதி அது.

எப்போது போவது, எதைத் தொடக்கூடாது

இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே நாள் தேர்வு முக்கியம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய 3 நாட்களில்தான் அடிப்பாறை வெளியே வரும். தூத்துக்குடித் துறைமுகத்துக்கான ஓத அட்டவணையைப் பார்த்து, வற்றம் முழுமையாவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இடத்தில் இருங்கள். வற்றம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும். ஆனி, ஆடியில் கச்சான் காற்றடிக்கும்போது அட்டவணை என்ன சொன்னாலும் அலை பாறையை விடாது. ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல காலம். இறங்கும் முன் கரையில் வலை காயப்போடும் மீனவர்களிடம் நீவாடு (கடல் நீரோட்டம்) எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைய கடலை அவர்களைப்போல அறிந்தவர் யாரும் இல்லை. தனியாகப் போகவே வேண்டாம்.

கூடங்குளம் அணுமின் நிலையத்தின் பாதுகாப்புப் பகுதிக்கு அருகில் மாதிரி எடுக்கவும் படம் பிடிக்கவும் போகாதீர்கள். தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை உள்ள 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் எடுக்க முடியாது. பவளம், கடல் அட்டை, கடல் குதிரை மூன்றும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காக்கப்படுபவை. கல்லைப் புரட்டும்போது இவை கண்ணில் பட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். கூம்பு வடிவச் சங்கு உயிரோடு கிடந்தால் கையில் எடுக்காதீர்கள். சில வகைகளின் கொட்டு உயிரை வாங்கும்.

எடுத்துப்போக வேண்டியவை

வெள்ளை பிளாஸ்டிக் தட்டு 2, மூடியுள்ள 1 லிட்டர் டப்பா 4, மெல்லிய வண்ணத்தூரிகை ஒன்று (இடுக்கி அல்ல, தூரிகைதான் முக்கியம்), வாய் அகலமான பிளாஸ்டிக் சொட்டுக்குழல், 10 மடங்கு பெரிதாக்கும் கைவில்லை, 0.5 மில்லிமீட்டர் கண்ணுள்ள சல்லடை, உள்விட்டம் 10 சென்டிமீட்டர் உள்ள பிவிசி குழாய் 25 சென்டிமீட்டர் நீளத்துக்கு, பென்சில், தடித்த காகிதம், வெப்பமானி, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர், தடித்த அடியுள்ள செருப்பு, ரப்பர் கையுறை. பால்பாயிண்ட் பேனா வேண்டாம். ஆல்கஹாலில் அந்த மை கரைந்து, மூன்றாம் மாதம் குப்பிக்குள் வெள்ளைக் காகிதம்தான் மிஞ்சும்.

பாறைப்பாசியிலிருந்து எடுக்கும் முறை

படி 1. தொடும் முன் படம் எடுங்கள்: தூரத்திலிருந்து ஒன்று, ஓர் அடி உயரத்திலிருந்து ஒன்று, அருகில் ஒன்று. நேரம், நீரின் வெப்பம், உப்பளவு, பாசி வகை, அலை நேரே மோதும் பக்கமா மறைவுப் பக்கமா என்பதை எழுதுங்கள்.

படி 2. 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றை வைத்து, அதற்குள் உள்ள பாசியை மழுங்கிய கத்தியால் பாறையோடு ஒட்டிச் சுரண்டுங்கள். அடியில் உள்ள மணலும் வர வேண்டும். புழு பாதிக்கு மேல் அங்கேதான். ஒரு திட்டில் இரண்டு சதுரம் போதும். முழுப் பாறையையும் வழித்தெடுத்தால் படுகை திரும்ப வளர மாதக்கணக்கில் ஆகும்.

படி 3. டப்பாவில் பாசி கால் பங்கு, கடல்நீர் முக்கால் பங்கு. நிழலில், ஈரத்துணி சுற்றி வையுங்கள். பாசியை நெருக்கித் திணித்து வெயிலில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் நீர் சூடேறி, ஆக்சிஜன் தீர்ந்து, எல்லாம் செத்துக் குழம்பாகிவிடும். பயணத்தில் நடக்கும் கெடுதலில் பெரும்பாலானவை இதுதான்.

படி 4. வீட்டில் அல்லது ஆய்வகத்தில் பாசியைத் தட்டில் பரப்பி, அது மூழ்கும் அளவு கடல்நீர் ஊற்றி, அசைக்காமல் நிழலில் விடுங்கள். சில மணி நேரத்தில் அடியில் ஆக்சிஜன் குறைய, புழுக்கள் தாமாகவே மேலேறித் தட்டின் ஓரத்துக்கு வரும். தூரிகை நுனியால் தூக்கிச் சுத்தமான கடல்நீருள்ள கிண்ணத்தில் விடுங்கள். அவசரப்பட்டு நன்னீரில் அலசுபவர்கள் உண்டு. நன்னீர் பட்டதும் புழு பிடியை விடும், உண்மைதான். ஆனால் சில்லிஸ் போன்ற மெல்லிய வகைகள் நீரை உறிஞ்சி வீங்கி வெடிக்கும்.

சேற்றில் என்றால் பிவிசி குழாயை 15 சென்டிமீட்டர் அழுத்தி, மேல்வாயை உள்ளங்கையால் மூடி இழுத்தெடுங்கள். கடல்நீரிலேயே சல்லடையை மெதுவாக ஆட்டிச் சலியுங்கள். குழாயடி நீரைப் பீய்ச்சினால் புழு துண்டாகும். ஒரு குழாயில் கிடைத்த எண்ணிக்கையை 127 ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான கணக்கு வரும். ஒரே இடத்தில் குறைந்தது 3 முதல் 5 குழாய் எடுத்துச் சராசரி போடுங்கள், ஏனெனில் புழுக்கள் சமமாகப் பரவியிருப்பதில்லை.

உயிரோடு பார்ப்பது

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நிறம், கண், நடை எல்லாம் உயிரோடு இருக்கும்போது மட்டும்தான். கிண்ணத்தில் கொஞ்சம் உல்வா பாசித் துண்டுகளைப் போட்டு 20 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். முதுகில் ஓடும் சிவப்பு நாளம் வாலிலிருந்து தலையை நோக்கித் துடிப்பது தெரியும். நீரிஸ் குடும்பத்துப் பிளாட்டிநீரிஸ் வகையாக இருந்தால் சில நிமிடங்களிலேயே வேலையைத் தொடங்கிவிடும்: பக்கக்கால் சுரப்பிகளிலிருந்து பட்டிழை விட்டு, பாசி விளிம்பை மடித்து ஒட்டி, தன் உடல் அளவுக்கு ஒரு குழாய் கட்டும். கட்டி முடித்ததும் தலையை மட்டும் நீட்டி வாசலைச் சுற்றியுள்ள பாசியைக் கடித்துத் தின்னும்.

சில்லிஸ் வேறு விதம். பெரும்பாலானவற்றில் பக்கக்கால்களின் மேல்பக்க மீசைகள் மணி கோத்தாற்போல இருக்கும். தோல் வழியாகவே, தொண்டைக்குப் பின்னால் பீப்பாய் வடிவில் ஓர் உறுப்பு, அதில் வரிசை வரிசையாகப் புள்ளிகள் தெரியும். அந்தத் தசைப்பீப்பாய் இருந்தால் சில்லிஸ் குடும்பம் என்று தயங்காமல் எழுதலாம். சிலவற்றின் வாலில் தனிக் கண்களோடு இன்னொரு குட்டிப் புழு ஒட்டியிருக்கும். இனச்செல்களைச் சுமந்துபோகத் தாய்ப்புழு உருவாக்கும் பகுதி அது. முற்றியதும் பிரிந்து நீந்திப் போகும். தாய் பாசியிலேயே இருந்து வாலைத் திரும்ப வளர்த்துக்கொள்ளும்.

மயக்குதல், பதப்படுத்துதல்

உயிர்ப்புழுவை நேரே ஆல்கஹாலில் போட்டால் சுருண்டு, துண்டுகளாக உடைந்து, தொண்டையும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். முதலில் மயக்க வேண்டும். மக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட் 75 கிராமை 1 லிட்டர் நன்னீரில் கரையுங்கள். இதையும் கடல்நீரையும் சம அளவு கலந்து, அதில் புழுவை 10 முதல் 20 நிமிடம் விடுங்கள். தூரிகையால் தொட்டால் அசைவில்லை என்ற நிலையில், தலைக்குப் பின்னால் மழுங்கிய இடுக்கியால் மெல்ல அழுத்தி முன்பக்கமாக நீவினால் தொண்டை வெளியே வரும். வராவிட்டால் பலவந்தம் வேண்டாம். பிறகு வயிற்றுப் பக்கம் நீளவாக்கில் கீறிப் பார்த்துக்கொள்ளலாம்.

உடலமைப்பு பார்க்க வேண்டிய புழுவுக்கு: கடையில் கிடைக்கும் ஃபார்மலின் 1 பங்கு, கடல்நீர் 9 பங்கு, ஒரு சிட்டிகை வெங்காரம். அதில் 24 முதல் 48 மணி நேரம். பிறகு நன்னீரில் இரண்டு முறை கழுவி 70 சதவீத ஆல்கஹாலில் சேமியுங்கள். ஃபார்மலின் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கையுறையும் காற்றோட்டமும் இல்லாமல் திறக்கக்கூடாது. மரபணு ஆய்வுக்கு வைக்கும் புழுவுக்கு ஃபார்மலின் படவே கூடாது. மயக்கியதும் 95 சதவீதத்துக்கு மேலான ஆல்கஹால், புழுவைப்போலப் பத்து மடங்கு அளவு, ஒரு நாள் கழித்துப் புது ஆல்கஹால் மாற்றம். இரண்டுக்கும் தனித்தனிப் புழுக்களை ஒதுக்கி, ஒரே எண்ணின் கீழ் பதியுங்கள்.

இனம் காணுதல்

குடும்பம் வரை கைவில்லையே போதும். பேரினத்துக்கு 10-ஆம் கண்டம், உடலின் நடு, வால்பக்கம் மூன்றிலும் ஒவ்வொரு பக்கக்காலை வெட்டி, கிளிசரின் துளியில் வைத்து 100 முதல் 400 மடங்கில் பாருங்கள். தொண்டையில் கூம்புப் பற்கள் மட்டும் இருந்தால் நீரிஸ் பக்கம். மேல்பக்கத் திட்டு ஒவ்வொன்றிலும் குறுக்குக் கட்டை போன்ற பல் இருந்தால் பெரிநீரிஸ். சீப்புப் பற்களைப்போல மிக நுண்ணிய குச்சிகள் வரிசையாக இருந்தால் பிளாட்டிநீரிஸ். இந்த மூன்றையும் பிரிக்கத் தெரிந்தாலே நல்ல தொடக்கம்.

சிற்றினப் பெயர் எழுதுவதில் நிதானம் வேண்டும். இந்தியப் புழுக்களுக்கு ஃபோவெல் 1953-ல் தொகுத்த நூல் இன்றும் அடிப்படை. ஆனால் அந்தக் காலத்தில் ஐரோப்பியப் பெயர்களை இங்குள்ளவற்றுக்கும் அப்படியே சூட்டினார்கள். மத்தியதரைக்கடலின் பிளாட்டிநீரிஸ் டுமெரிலி என்று எழுதப்பட்ட பலவும் வேறு இனங்கள் என்று இப்போது மரபணு காட்டுகிறது. சந்தேகம் இருந்தால் பேரினத்தோடு நிறுத்துங்கள். தவறான முழுப்பெயரைவிடச் சரியான அரைப்பெயர் ஆய்வுக்குப் பயன்படும்.

வளர்த்துப் பார்க்க

பாசியில் வாழும் நீரிஸ் வகைகளை வீட்டிலேயே வைக்கலாம். 2 லிட்டர் அகலப் பெட்டி, வடிகட்டிய கடல்நீர் 4 சென்டிமீட்டர் ஆழம், மெல்லிய காற்றோட்டம், 10 புழுவுக்கு மேல் வேண்டாம். வெந்நீரில் முக்கியெடுத்த கீரையை நறுக்கி வாரம் இரண்டு முறை, ஒரு சிட்டிகை மட்டும். மிச்சம் அழுகினால் நீர் பால்போலக் கலங்கும், மறுநாள் புழுக்கள் குழாயைவிட்டு வெளியே தொங்கும். உடனே முழு நீரையும் மாற்ற வேண்டும். நெல்லை வெயிலில் நீர் வேகமாக வற்றி உப்பு ஏறும். வற்றிய அளவுக்குக் குளோரின் இல்லாத நன்னீர் ஊற்றுங்கள். கடல்நீர் ஊற்றிக்கொண்டே போனால் உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கிலிருந்து 40-ஐத் தாண்டிவிடும்.

சில வாரங்களில் ஒரு புழு தின்பதை நிறுத்தும். கண்கள் பெரிதாகும், பின்னுடலின் பக்கக்கால்கள் துடுப்பாக அகலும், குடல் சுருங்கும். பிளாட்டிநீரிஸில் ஆண் முன்பாதி வெளுத்துப் பின்பாதி சிவக்கும், பெண் முட்டை நிறைந்து மஞ்சளாகும். நிலவில்லாத இரவில் இரண்டும் நீர்மட்டத்துக்கு ஏறி ஒன்றையொன்று வட்டமிட்டு, முட்டையையும் விந்தையும் நீரில் விட்டுவிட்டு இறக்கும். கடலில் இதைப் பார்க்க, அமாவாசையை ஒட்டிய இரவுகளில் தூண்டில் வளைவின் உள்பக்கம், நீர் அடங்கிய இடத்தில் கரையில் நின்றபடியே ஒரு கைவிளக்கை நீரில் பாய்ச்சுங்கள். ஈரக்கற்களின்மேல் ஏற வேண்டாம்.

பெட்டியில் முட்டையிட்டால் இறந்த புழுக்களை உடனே எடுத்துவிடுங்கள். கருவுற்ற முட்டை தன்னைச் சுற்றி ஒரு கூழ் உறையை வெளியேற்றும். ஒரு மணி நேரம் கழித்து நீரை மெல்ல மாற்றினால் அது கழன்றுவிடும். 18 டிகிரி வெப்பத்தில் 24 மணி நேரத்தில் மயிர்வளையத்தோடு சுழலும் இளம்புழு, 72 மணி நேரத்தில் 3 கண்டமும் சுணையும் உள்ள குட்டி. நம் அறை வெப்பத்தில் எல்லாம் விரைவாக நடக்கும், ஆகவே 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக் குறியுங்கள். ஒரு வாரத்துக்குள் நுண்பாசி கொடுக்கத் தொடங்க வேண்டும். அதற்குமேல் பசியில் வைத்தால் குட்டி குழாய் கட்டாது. மிஞ்சிய குட்டிகளைக் கடலில் விடுவதானால், தாய் எடுத்த அதே பாறையில், அதே உயரத்துப் பாசியில் விடுங்கள். வேறு கரைக்குக் கொண்டுபோக வேண்டாம்.